லோகேட் கட்டளையில் புதிய கோப்பு வரவில்லை

கேள்வி: காலையில் சேமித்த கோப்பை, கோப்பு தேடும் கட்டளையான லோகேட் காட்டவில்லை. பெயரில் 'அறிக்கை' என்று வரும், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. லினக்ஸுக்குப் புதியவன். எப்படித் தேடுவது?

பதில் 1: லோகேட் வட்டில் தேடாது, முன்பே எழுதிவைத்த பட்டியலைத்தான் பார்க்கும். அது பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். சூடோ (நிர்வாகி அனுமதி தரும் கட்டளை) சேர்த்து, அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்டிபி கட்டளையை ஓட்டிவிட்டு மறுபடி தேடுங்கள்.

பதில் 2: அதைவிட ஃபைண்ட் கட்டளை நல்லது, நேரடியாகக் கோப்புறைகளுக்குள் போய்த் தேடும். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்), கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்து, ஃபைண்ட் ~ -நேம் '*அறிக்கை*' என்று அடியுங்கள். ~ என்றால் உங்கள் முகப்புக் கோப்புறை. மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள்; நீங்கள் நிற்கும் கோப்புறையில் பொருந்தும் பெயர் இருந்தால், நட்சத்திரக் குறியை ஷெல்லே (நீங்கள் அடிப்பதைப் படித்து இயக்கும் நிரல்) அந்தப் பெயராக விரித்துவிடும், தேடல் தவறிப்போகும். கடைசி 24 மணி நேரத்தில் மாறியவை மட்டும் வேண்டுமா? -எம்டைம் -1 சேருங்கள்.

பதில் 3: ஃபைண்டில் ~ இடத்தில் / (முழுக் கணினியின் மேல்நிலைக் கோப்புறை) என்று போட்டுத் தேடாதீர்கள். 'அனுமதி மறுப்பு' வரிகள் குவிந்து விடை அதற்குள் புதைந்துவிடும்.