சிபேப் இயந்திரத்தோடு 13 மணி நேர விமானம், பிறகு மலையில் ஐந்து இரவு: பேட்டரிக் கணக்கு சரியா?

ராக்கோழி:
வணக்கம். அடுத்த மாதம் 13 மணி நேர இரவு விமானம். இறங்கியதும் 2,800 மீட்டர் உயரத்தில் ஐந்து இரவுத் தங்கல். அங்கே ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை அணைத்துவிடுவார்களாம். பகலில் சார்ஜ் போடலாம். என் சிபேப் (தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க மாஸ்க் வழியே காற்றை அழுத்தி ஊதும் கருவி) ஏர்சென்ஸ் 10, தானியங்கி முறை, அழுத்தம் 8 முதல் 12. முழு முக மாஸ்க், சூடேறும் ஹோஸ்.

27,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கிறது. 27 ஆம்பியர்-ஹவரை 24 வோல்ட்டால் பெருக்கினால் 648 வாட்-ஹவர், நாலைந்து இரவு தாங்கும் என்று கணக்குப் போட்டேன். சரிதானா? விமானத்திலேயே மாட்டிக்கொண்டு தூங்க விடுவார்களா? இயந்திரத்தைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடலாமா?

வாட்டுக்கணக்கு:
முதலில் அந்த 648-ஐ அழித்துவிடுங்கள். பவர் பேங்கில் போட்டிருக்கும் எம்ஏஎச், உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கானது. 27 × 3.7 = 99.9 வாட்-ஹவர். சந்தையில் 27,000 என்ற எண் அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணமும் இதுதான்: விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பு 100 வாட்-ஹவர். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், உதிரியாக இரண்டு மட்டும். 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது.

அடுத்தது, இயந்திரம் எவ்வளவு குடிக்கிறது என்பது. உங்கள் அடாப்டரில் 90 வாட் என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உச்சம். காற்றை ஊதும் மோட்டார் கேட்பது கொஞ்சம்தான். தின்று தீர்ப்பது, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபயரின் சூட்டுத் தட்டும் சூடேறும் ஹோஸும். மெனுவில் ஈரப்பத அளவு, ஹோஸ் வெப்பநிலை இரண்டையும் 'ஆஃப்' செய்யுங்கள். சாதாரண ஹோஸ் ஒன்று இருந்தால் அதையே மாட்டிவிடுங்கள், மறந்துபோய் சூடு ஓடுமோ என்ற கவலை இல்லை.

யாரோ சொல்லும் சராசரியை நம்பி பேட்டரி வாங்காதீர்கள். பிளக்கில் செருகும் மின் அளவி ஒன்றை வாங்கி, சூடு எதுவும் இல்லாமல் வீட்டில் ஓர் இரவு ஓட்டுங்கள். காலையில் அது காட்டும் வாட்-ஹவர்தான் உங்கள் எண். மாஸ்க் கசிந்தாலும் அழுத்தம் ஏறினாலும் அது கூடும் என்பதால், ஒரே இரவோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று இரவு பாருங்கள். வந்த எண்ணோடு 20 விழுக்காடு சேருங்கள். உதாரணத்துக்கு 70 காட்டினால் 84 வாட்-ஹவர் வேண்டும். 100 வாட்-ஹவர் பேட்டரி ஓர் இரவுக்குச் சரி. பகலில் சார்ஜ் உண்டு என்பதால் ஐந்து இரவுக்கு ஐந்து பேட்டரி தேவையில்லை, இரண்டு போதும். ஜெனரேட்டர் பகலில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 100 வாட்-ஹவர் பேட்டரியை 45 வாட் சார்ஜரில் நிரப்ப மூன்று மணி நேரமாவது ஆகும்.

இன்னொரு சிக்கல் வோல்ட்டேஜ். ஏர்சென்ஸ் 10 கேட்பது 24 வோல்ட். யுஎஸ்பி-சி வழியே பெரும்பாலான பவர் பேங்க் கொடுப்பது 20 வோல்ட் வரைதான், அதுவும் எல்லாவற்றிலும் கிடையாது. எனவே 24 வோல்ட்டுக்கு உயர்த்தும், இந்த இயந்திரத்துக்கென்றே விற்கும் கேபிளோ, நேராக 24 வோல்ட் தரும் சிபேப் பேட்டரியோ வேண்டும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், அதிலிருந்து வீட்டு அடாப்டர் என்று சுற்றிவளைத்தால் இரண்டு இடத்தில் மின்சாரம் வீணாகும். வேறு வழியில்லை என்றால் தூய சைன் அலை இன்வெர்ட்டர் மட்டும்; மலிவான மாற்றுச் சைன் அலையில் அடாப்டர் சூடாகி இரையும்.

ஜன்னலோரம்:
விமானப் பகுதிக்கு நான் சொல்கிறேன்.

பெரிய பெட்டிக்குள் போடவே கூடாது. பெட்டி வராமல் போனால் அன்றிரவே சிகிச்சை நின்றுவிடும். உதிரி பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி; முனைகளை டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் வையுங்கள். மருத்துவக் கருவி என்பதால் கைப்பை எண்ணிக்கையில் பல நிறுவனங்கள் இதைச் சேர்ப்பதில்லை, ஆனால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கருவியின் பெயர், அழுத்த அளவு, மாஸ்க் வகை மூன்றும் உள்ள மருத்துவர் கடிதம் கூடவே இருக்கட்டும். வழியில் இயந்திரம் பழுதானால் வேறொன்றை அமைக்கவும் அந்தத் தாள்தான் உதவும்.

உள்ளே பயன்படுத்த 48 மணி நேரம் முன்பாவது தகவல் கொடுங்கள். கேட்பவர்களிடம் காட்ட வேண்டியது, விமானத்தின் மின்னணுக் கருவிகளைக் கருவி குழப்பாது என்பதற்கான ஆர்டிசிஏ டிஓ-160, பிரிவு 21, வகை எம் என்ற தகுதி வாசகம். ஏர்சென்ஸ் 10-க்கு அது உண்டு. ஏறியதும் இயந்திரத்தில் ஏர்ப்ளேன் மோடைப் போடுங்கள். தூக்கப் பதிவுகள் அழியாது, மோடை அணைத்த பிறகு தானாகச் சர்வருக்குப் போய்ச்சேரும்.

இருக்கைப் பிளக்கை நம்பி ஏறாதீர்கள். விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் அணைத்துவிடுவார்கள், வரம்பும் பெரும்பாலும் 75 வாட் அளவில்தான். சூட்டோடு ஓட்டினால் அது சட்டென்று அணைந்துவிடும். 2025 முதல் பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்தவே தடை போட்டிருக்கின்றன. மருத்துவக் கருவிக்கு விலக்கு உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் போய் நடுவானில் வாதாடிப் பயனில்லை.

தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே காலி செய்து துடைத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் அரைக் குவளைத் தண்ணீர், பை சாயும்போது மோட்டாருக்குள் இறங்கினால் இயந்திரம் போச்சு. தொட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் போகாதீர்கள்: காலித் தொட்டியோ, அதற்குப் பதிலான பக்க மூடியோ இல்லாவிட்டால் காற்று ஹோஸுக்கே போகாது. ஸ்கேனரில் தட்டில் வைக்கச் சொன்னால், கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வையுங்கள். எக்ஸ்ரே உங்கள் இயந்திரத்தை ஒன்றும் செய்யாது.

ஆக்சிஜன் மாஸ்க் மேலிருந்து விழுந்தால் சிபேப் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். முழு முக மாஸ்க்காரர்கள் இதைத் தூங்கும் முன்பே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குட்டிப்பெட்டி:
இத்தனை பாடு எதற்கு? ஏர்மினி என்ற பயண சிபேப் வாங்கினால் 300 கிராம், அடாப்டரே 20 வாட்தான், தண்ணீரும் வேண்டாம். வேலை முடிந்தது.

வாட்டுக்கணக்கு:
@குட்டிப்பெட்டி, ஐந்து இரவுக்காக இன்னொரு இயந்திரமா? மாஸ்க்கையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஏர்மினிக்கு அதன் சொந்த இணைப்பி வேண்டும், எல்லா மாஸ்க்கிலும் அது பொருந்தாது. ஈரப்பதத்துக்கான ஹ்யூமிடெக்ஸ் துண்டைப் பிரித்து 30 நாளில் மாற்ற வேண்டும். அடிக்கடி பயணம் போகிறவருக்கு நல்ல பொருள்தான், மறுக்கவில்லை.

மலைக்காற்று:
மின்சாரத்தைவிட எனக்குக் கவலை 2,800 மீட்டர்தான். ஏர்சென்ஸ் 10-இன் கையேட்டில் உள்ள உயர வரம்பு 2,591 மீட்டர். அதற்குள் இருக்கும்வரை இயந்திரம் தானே ஈடுசெய்துகொள்ளும். அதற்கு மேல் காற்று லேசாவதால் அதே அழுத்தத்துக்கு விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும். சொன்ன அழுத்தம் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் உறுதி தருவதில்லை. மின்செலவும் கொஞ்சம் கூடலாம், வீட்டில் அளந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

உடம்பின் பக்கம் இன்னொன்று இருக்கிறது. உயரத்தில் தொண்டை அடைபடாமலேயே, மூளை மூச்சுக்கான கட்டளையை விட்டு விட்டு அனுப்பும் வகை மூச்சு நிறுத்தம் தலைகாட்டும். அதை சிபேப் காற்று மட்டும் தீர்க்காது. அசிட்டசோலமைடு (உயரத்தில் மூச்சைச் சீராக்கத் தரும் மாத்திரை) தேவையா என்று கிளம்பும் முன் தூக்க மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அங்கே போய் ஏஎச்ஐ எண் (மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது) ஏறினால் அழுத்தத்தைக் கூட்டவும் வேண்டாம். முதலில் கசிவைப் பாருங்கள், பிறகு மருத்துவரிடம் பேசுங்கள்.

குளிரில் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும். மாலையில் அறைச் சூட்டில் வைத்திருந்து மாட்டுங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடவே கூடாது, செல் நிரந்தரமாகக் கெடும். ஜெனரேட்டர் ஓடும்போதும் இயந்திரத்தை நேராக அதில் செருகாமல், பேட்டரியை நிரப்பி அதிலிருந்து ஓட்டுவது மேல். வோல்ட்டேஜ் குதித்தால் அடி சார்ஜருக்குத்தான்.

ராக்கோழி:
கணக்கைத் திருத்தியதற்கு நன்றி. மின் அளவி இன்றே வாங்குகிறேன். சூட்டை அணைத்தால் மூக்கு காய்ந்துபோகாதா? அங்கே டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காது, கொதிக்கவைத்த தண்ணீர் போதுமா?

ஜன்னலோரம்:
விமானத்தில் காயத்தான் செய்யும், அங்கே ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போகும். தூங்கும் முன் உப்புநீர் மூக்கு ஸ்ப்ரே அடித்துக்கொள்ளுங்கள். மலையில் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, சூடு இல்லாமல் ஓட்டலாம். தண்ணீரின் மேல் உரசிப் போகும் காற்று ஓரளவு ஈரத்தை எடுத்துக்கொள்ளும், மின்செலவு இல்லை. இயந்திரத்தைத் தலையணையைவிடத் தாழ்வாக வையுங்கள், ஹோஸில் கோத்த நீர் முகத்துக்கு வராது.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. பாட்டில் மினரல் வாட்டரும் அப்படித்தான், அடியில் வெள்ளையாகப் படியும். ஐந்து நாளைக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. காலையில் மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் காயவைத்தால் சரி. திரும்பி வந்ததும் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவுங்கள். ஃபில்டர் ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள், ஜெனரேட்டர் பக்கத்து அறை என்றால் இரண்டு.