என்எஸ்எஸ் அலுவலர் பயிற்சி: இரண்டு விஷயத்தில் உதவி வேண்டும்

வணக்கம். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தயாராகிறது. ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு முன் ஊர் மக்களைக் கூட்டி அவர்களோடு சேர்ந்து போடும் ஊர் வரைபடம்தான் முதல் அமர்வு. காலை 11 மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் கூட்டினால் வயல்வேலைக்குப் போன பெண்கள் வரமாட்டார்கள். ஆதிதிராவிடர் தெரு வரைபடத்திலேயே விழாது. மாலை 6 மணிக்குமேல் தெருவாரியாக வரைந்து, பிறகு சேர்த்து ஒட்டுவதே சரி. இதுவரை சிக்கலில்லை.

முகாமில் சமையல் பெண்களுக்கு, மைக் பையன்களுக்கு என்றே பிரிகிறது (எங்கே போனாலும் இதே கதைதான்). 50 பேருக்கு நாள்தோறும் பொறுப்பு மாறும் அட்டவணை இருந்தால் பகிருங்கள்.

அடுத்து, காது கேளாத மாணவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர். ஒருவரே தொடர்ந்து செய்தால் அரைமணியில் களைத்துப் பிழை விடுவார், இருவர் வேண்டும். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதினால் தணிக்கையில் நிற்கும்? வவுச்சர் மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது.