மழைநீர்த் தொட்டியில் சொட்டுநீர் டைமர் திறக்க மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, எங்கள் வீடு தாம்பரம் பக்கம். போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் கறிவேப்பிலையும் முல்லையும் கருகிவிடுகின்றன. அதனால் வடகிழக்குப் பருவமழையில் மாடித் தண்ணீரை 3,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறோம். தொட்டி ஒரு மீட்டர் உயர மேடையில் இருக்கிறது. மோட்டார் கிடையாது.

பொங்கலுக்கு முன் பேட்டரி டைமர் பொருத்தினேன், சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடுவது) வகை. முதல் நாளிலிருந்தே இதே கதைதான். காலை 6 மணிக்கு 'டிக்' சத்தம் சரியாகக் கேட்கிறது, ஆனால் தண்ணீர் கசிகிறதே தவிர ஓடவில்லை. டைமரைக் கழற்றிவிட்டு நேரடியாகக் குழாயை இணைத்தால் கடைசிச் செடி வரை சொட்டுகிறது.

ஃபில்டரைக் கழுவினேன், பேட்டரி மாற்றினேன், கடைக்காரர் வேறு டைமரும் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் கணக்குப் போட்டேன். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். எனக்குத் தொட்டி நிறைந்திருந்தாலே 0.3 பாருக்குள்தான். டைமர் அட்டையிலோ குறைந்தது 0.5 பார் என்று போட்டிருக்கிறது.

பங்குனியில் ஊருக்குப் போகிறோம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

இந்தக் குறைந்த அழுத்தத்துக்கு மோட்டார் பால் வால்வு (ball valve, துளையுள்ள உருண்டையைச் சின்ன மோட்டார் திருப்பித் திறப்பது) உள்ள டைமர் போதுமா, இல்லை 12 வோல்ட் பம்பு வைத்தே ஆக வேண்டுமா?