ஆர்.ஓ. கழிவு நீர், நாறும் உர வாளி, செம்பருத்தியில் மாவுப்பூச்சி: எதிலிருந்து தொடங்குவது?

ஆனையூர்வாசி:
வணக்கம். மதுரையில் சொந்த வீடு, பின்பக்கம் ஒன்றரை சென்ட் மண் இருக்கிறது. முருங்கை ஒன்று, வாழை இரண்டு, செம்பருத்தி, சின்னதாக ஒரு கீரைப் பாத்தி. போர் தண்ணீர் உப்பு; டி.டி.எஸ். கருவி 1100 காட்டுகிறது, எனவே ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. அது ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் மூன்று குடம் சாக்கடைக்குப் போகிறது. அதைக் கீரைக்கு ஊற்றலாமா? சமையலறைக் கழிவை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் உரத்துக்காகச் சேர்க்கிறேன். நீர் கோத்துக்கொண்டு நாறுகிறது. "வீட்டுக்குள்ளேயே குப்பைமேடா?" என்கிறார் மாமியார். செம்பருத்தி நுனியெல்லாம் வெள்ளையாக மாவுப்பூச்சி. கடையில் மருந்து தருகிறார்கள், ஆனால் அங்கேதான் குழந்தை விளையாடுகிறாள். அதிகச் செலவில்லாமல் வழி சொல்லுங்கள்.

நகரவாசி77:
மின்சாரத்தில் இயங்கும் உரக் கருவி வாங்கிவிடுங்கள். இரவு போட்டால் காலையில் பொடியாகிவிடும். நாற்றமே இல்லை.

கம்மாய்க்கரை:
நகரவாசி தம்பி, அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை கழிவைச் சூடாக்கி உலர்த்துகின்றன, அவ்வளவுதான். அந்தப் பொடியை நனைத்துப் பாருங்கள், விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுகத் தொடங்கும். மக்குவது நுண்ணுயிர்களின் வேலை; அதற்குக் கரண்ட் பில் கிடையாது. பசுமை என்ற பெயரில் எதையாவது வாங்கச் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

சகோதரி, உங்கள் வாளியில் இரண்டே குறைகள்: காற்று இல்லை, காய்ந்த பொருள் இல்லை. பக்கத்திலும் அடியிலும் துளையிட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஒரு கை காய்கறிக் கழிவு போட்டால் இரண்டு கை சருகு போட வேண்டும். சருகுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், தெருவில் கூட்டி எரிக்கிறார்களே, அதைக் கேட்டு வாங்குங்கள். தேங்காய் நாரைப் பிய்த்தும் போடலாம். தொடக்கத்தில் புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் வேகம் பிடிக்கும். வாரம் இரண்டு முறை கிளறுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் இன்னும் சருகு. சோறு, குழம்பு மிச்சம் மிகக் குறைவாக. மீன், கறி வேண்டாம். தடித்த புழுக்கள் தென்பட்டால் மாமியாருக்குக் காட்டாதீர்கள், ஆனால் அவை கெடுதல் செய்பவை அல்ல. இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வந்துவிடும்.

ஆர்.ஓ. தண்ணீருக்கு வருகிறேன். நல்ல தண்ணீரில் இல்லாத உப்பெல்லாம் எங்கே போகிறது? வெளியே வரும் மூன்று குடத்தில்தான். உங்கள் 1100, அங்கே 1400-ஐத் தாண்டியிருக்கும். கருவியை அதிலும் நனைத்துப் பாருங்கள். கீரைக்கும் வாழைக்கும் தினம் ஊற்றினால் வேரடியில் உப்புப் படியும், இலை ஓரம் கருகும். குழாயின் முனையை ஒரு கேனில் விட்டுப் பிடித்து வையுங்கள். கழிப்பறைக்கு ஊற்ற, தரை துடைக்க, பாத்திரத்தின் முதல் அலசலுக்குச் சரியாக இருக்கும். போர் மோட்டார் ஓடுவது அந்த அளவுக்குக் குறையும். அரிசி, காய் கழுவிய நீர் கீரைக்குப் போகட்டும்.

உப்புக்கு உண்மையான மருந்து மழைதான். 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி உங்கள் வீட்டிலும் இருக்கலாம், மணல் அடைத்துக் கிடக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 800 சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய 74 சதுர மீட்டர், 20 மி.மீ. பெய்தால் 1480 லிட்டர். சிந்தியது போக 1200 வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசிக்குள் குழியில் உள்ள சரளையையும் மணலையும் அள்ளிக் கழுவிப் போடுங்கள். முதல் மழைநீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசி அதில் போய்விடும். எதிலிருந்து தொடங்குவது என்றால், நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

வேப்பமரத்தடி:
மாவுப்பூச்சிக்கு மருந்து வாங்குவதற்கு முன் எறும்பைப் பாருங்கள். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி சுமந்தும் போகும். அதிகம் அண்டிய நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். குழாயை விரலால் அழுத்திப் பீய்ச்சி அடித்தாலே பாதி கழன்று விழும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குச் சிறிது சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பின், இலையின் அடிப்பக்கம் படும்படி, வாரம் ஒரு முறை.

கண்ட மருந்தையும் அடித்தால் பூச்சியைத் தின்னும் பூச்சியும் செத்துவிடும். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் அழித்தது நினைவிருக்கிறதா? மருந்துகள் கைகொடுக்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின.

ஆனையூர்வாசி:
மிக்க நன்றி. கேனை இன்றே வைத்துவிட்டேன். மழைநீர்க் குழியின் மேல் துணி துவைக்கும் கல் கிடக்கிறது, அதை நகர்த்த ஆள் பிடிக்க வேண்டும். இன்னொரு கேள்வி: பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை வாழைக்கு விடலாமா?

கம்மாய்க்கரை:
நேராக விடாதீர்கள். ஓர் அடி ஆழக் குழியில் செங்கல் துண்டும் சரளையும் போட்டு, சுற்றிலும் கல்வாழை நடுங்கள். தண்ணீர் முதலில் அங்கே இறங்கட்டும், வாழை அதற்கடுத்து. பிளீச்சிங் பவுடர் கலந்தது வேண்டவே வேண்டாம். எதையும் தேக்கி வைக்காதீர்கள். ஒரு நாள் தாண்டினால் நாற்றம், அப்புறம் கொசு. கல்வாழைக் கிழங்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேண்டாம் என்கிற அளவுக்குத் தோண்டித் தருவார்கள்.