கரையைப் பார்த்தால் ஏரியின் நிலை தெரியுமா?

நீர்க்காகம்:
ஏரிக்கரை மதிப்பீடு என்றால் என்ன செய்கிறார்கள்? படகில் மெதுவாகச் சுற்றி வந்து இங்கே சுவர், இங்கே புல்தரை, இங்கே நாணல் என்று படிவத்தில் குறிக்கிறார்கள். அருகிவரும் உயிரினத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், அந்த உயிரினத்தையே எண்ண வேண்டும். கரையைப் பார்த்து என்ன தெரிந்துவிடும்?

கோரைப்புல்:
நிறையத் தெரியும். அமெரிக்காவில் 2007-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளை ஆராய்ந்தார்கள். கரையோரம் கெட்டுப்போன ஏரிகளில் உயிரினங்களின் நிலையும் மோசமாக இருக்கும் வாய்ப்பு 3 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். முட்டையிட மண் தேடி வரும் பெண் ஆமை கான்கிரீட் சுவரில் முட்டித் திரும்பிப் போனாலும் அடுத்த வருடக் கணக்கெடுப்பிலும் அதே ஆமை இருக்கும், அதற்கடுத்த வருடமும் இருக்கும், குஞ்சுதான் ஒன்றுகூட இருக்காது. அந்தச் சுவரை இன்றே படிவத்தில் குறிக்கலாமே.

நீர்க்காகம்:
சரி, ஆமைக்கு ஒப்புக்கொள்கிறேன். அடிமண்ணில் புதைந்து கிடக்கும் மட்டிக்கு என்ன சொல்வீர்கள்? கரை பச்சைப்பசேல் என்று இருக்கும், எங்கோ வயலில் போட்ட உரம் ஓடை வழியாக வந்து தண்ணீரைக் கெடுத்திருக்கும்.

கோரைப்புல்:
உரம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, தண்ணீரையும் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் நன்னீர் மட்டிகளில் பெரும்பாலானவற்றின் இளம்புழுக்கள் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் வளர்கின்றன. மீனுக்குக் கரை வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லிட்டில் ராக் ஏரியின் ஒரு பகுதியில், கரையிலிருந்து விழுந்து மூழ்கிக் கிடந்த மரங்களில் 2002-இல் பெரும்பாலானவற்றை அகற்றிப் பார்த்தார்கள், பெர்ச் மீன்கள் அடியோடு சரிந்துபோயின.

தட்டான்தேடி:
நான் இந்த மதிப்பீடு செய்பவன். என் குறை படிவத்தின் மீதுதான். 'செடி உண்டு' என்று டிக் அடித்தால் போதும் என்கிறது. நான் படகை விட்டு இறங்கி நாணல் தண்டுகளைப் பார்ப்பேன். தட்டானின் இளம்பூச்சி தண்ணீரிலிருந்து தண்டில் ஏறி முதுகு பிளந்து வெளியேறியபின் காய்ந்த தோல் அங்கேயே பற்றிக்கொண்டிருக்கும், பிளவில் வெள்ளை நூல்கள் தொங்கும், அது சுவாசக் குழாயின் உள்தோல். பறக்கும் தட்டான் வேறெங்கிருந்தாவது வந்திருக்கலாம், இந்தக் கூடு இந்தத் தண்ணீரில் வளர்ந்ததற்குச் சாட்சி.

நீர்க்காகம்:
அப்படியானால் அதையும் படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். படகில் உட்கார்ந்தபடியே குறிப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை.