கம்யூனிட்டி காலேஜிலிருந்து நடன டிகிரிக்குப் போனால் மிச்சம் இரண்டு வருஷம்தானா?

கேள்வி:
கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருஷக் கல்லூரி) முதல் வருஷம் முடியப்போகிறது. பாலே, மாடர்ன் எடுத்துக்கொண்டிருக்கிறேன், பரதம் சின்ன வயதிலிருந்தே. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) இர்வைன் அல்லது யூசிஎல்ஏவில் (அதன் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) நடனம் படிக்க ஆசை. 60 யூனிட் (பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்) முடித்துவிட்டுப் போனால் அங்கே இரண்டே வருஷம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சரிதானா?

பதில் 1:
60 செமஸ்டர் யூனிட் உங்களை ஜூனியராக, அதாவது மூன்றாம் வருஷ மாணவராக, உள்ளே விடும், அவ்வளவுதான். டெக்னிக் வகுப்பில் எந்த லெவல் என்பதை நீங்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் சொல்வார்கள், டிரான்ஸ்கிரிப்ட் அங்கே பேசாது. லெவல்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முடிக்க முடியும், அதனால் கீழே போட்டுவிட்டால் மற்ற பாடமெல்லாம் முடிந்த பிறகும் பாலேக்காக மூன்றாவது வருஷம் உட்கார வேண்டி வரும். பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டம்) என்றால் இன்னும் இறுக்கம். இர்வைனில் பி.ஏ., பி.எஃப்.ஏ. இரண்டும் உண்டு. மூன்று வருஷமும் ஆகலாம் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ஃபீஸ் கட்டும்போது சொன்னால் வீட்டில் வேறு நடனம் நடக்கும்.

பதில் 2:
யூனிட் விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்று. சில காலேஜ்களில் நடன வகுப்பு கினிசியாலஜி (உடலியக்கம், உடற்கல்வி) துறையின் கீழ் வரும். உடற்பயிற்சி வகுப்பு என்று கணக்கானால் யூசி மொத்தமே 4 செமஸ்டர் யூனிட்தான் எடுத்துக்கொள்ளும். எந்த காலேஜ் வகுப்பை யூசி ஏற்கும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் உங்கள் காலேஜையும் போகிற யூசியையும் போட்டு ஒவ்வொரு வகுப்பாகப் பாருங்கள், காலேஜ் கவுன்சிலரின் (படிப்பு ஆலோசகர்) வாய்வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம், 2013-லிருந்து கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் ஒரே வகைச் செயல்முறை வகுப்புகளில் நான்கு தடவைக்கு மேல் சேர முடியாது. பாலேயை முதல் வருஷத்திலேயே தீர்த்துவிட்டால் ஆடிஷன் சமயத்தில் காலேஜில் வகுப்பே இருக்காது.

பதில் 3:
யூசி விண்ணப்பம் நவம்பர் கடைசி வாக்கில் முடியும், ஆனால் நடனத்துக்கு அதோடு தீராது, துறைக்குத் தனியாக விண்ணப்பமும் ஆடிஷனும் உண்டு. தேதியைத் துறையின் பக்கத்திலேயே பாருங்கள். 'டேக்' என்கிற சேர்க்கை உத்தரவாதம் யூசிஎல்ஏவில் கிடையாது. பரதத்தைப் பொறுத்தவரை, யூசிஎல்ஏவில் அந்தத் துறையின் பெயரே வேர்ல்ட் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்ஸ்/டான்ஸ், அங்கே அதைத் தயங்காமல் முன்னால் வையுங்கள். இர்வைனில் பாலேயும் மாடர்னும்தான் முதுகெலும்பு, அரைமண்டிக்குப் பழகிய இடுப்பு பாலேக்கு அப்படியே ஒத்துவராது, அதில்தான் இந்த வருஷம் உழைக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி! என் மாடர்ன் வகுப்பு கினிசியாலஜி கோடில்தான் இருக்கிறது. வீணா?

பதில் 2:
வீண் இல்லை, ஆடிஷனுக்கு உதவும். ஆனால் அதை 60 யூனிட்டில் சேர்த்து எண்ணுவதற்கு முன் அசிஸ்டில் பாருங்கள். அடுத்த செமஸ்டர் நடனத் துறையிலேயே மாடர்ன் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.