வேகவைத்த ஜின்செங்கில் ஆர்பி1 காணவில்லை, அவசர உதவி

தேடும்வேர்:
நாளை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். ஜின்செங் வேரை வேகவைத்து, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியில் ஓட்டினேன். ஆர்பி1 (ஜின்செங்கில் உள்ள ஜின்செனோசைடு, அதாவது சர்க்கரை ஒட்டிய சேர்மங்களில் ஒன்று) பீக், அதாவது வரைபடத்தில் அதன் முகடு, அடியோடு காணோம். கடைசியில், முன்பு எதுவுமே இல்லாத இடத்தில், ஜோடி ஜோடியாக நான்கு பீக். கெட்டது கருவியா, வேரா?

நீராவி:
எத்தனை டிகிரி? எவ்வளவு நேரம்? பச்சை வேரா, காய்ந்ததா?

கரைப்பான்:
எனக்கு இது கரைப்பான் கோளாறாகத்தான் படுகிறது. ஓட்டும் திரவத்தில் அசிட்டோநைட்ரைல் விகிதம் கொஞ்சம் பிசகினாலும் பீக் எல்லாம் நகர்ந்துவிடும். ஸ்டாண்டர்டை (தூய ஆர்பி1 மாதிரியை) ஓட்டிப் பாருங்கள்.

தேடும்வேர்:
ஓட்டிவிட்டேன். ஸ்டாண்டர்டு சரியான இடத்தில்தான் வருகிறது.

பழையகை:
தம்பி, இந்த அடிப்படையைப் படித்துவிட்டல்லவா வேரை அடுப்பில் ஏற்ற வேண்டும்? ஆர்பி1இல் மூன்றாம் கார்பனில் இரண்டு குளுக்கோஸ், இருபதாம் கார்பனில் இரண்டு. சூட்டில் முதலில் கழல்வது இருபதில் இருப்பவை. மிஞ்சுவது ஆர்ஜி3, அது இரண்டு வடிவத்தில் வரும். அதிலிருந்து தண்ணீர் மூலக்கூறு ஒன்று வெளியேறினால் ஆர்கே1, ஆர்ஜி5. எண்ணிப் பாருங்கள், நான்கு. சர்க்கரை குறைந்ததால் தண்ணீரோடு ஒட்டாது, அதனால் கடைசியில் வருகின்றன. கருவி நன்றாகத்தான் இருக்கிறது.

நீராவி:
சரி, ஆனால் வழக்கமான சிவப்பு ஜின்செங்கில் ஆர்பி1 நிறையவே மிஞ்சும். அது 100 டிகிரியை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஆவியில் வெந்தது. அடியோடு போயிருந்தால் சூடு எக்கச்சக்கம். அதற்காகத்தான் முதலிலேயே டிகிரி கேட்டேன்.

தேடும்வேர்:
மன்னிக்கவும். பச்சை வேர், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 120 டிகிரி, 3 மணி நேரம். சீக்கிரம் முடியட்டும் என்று அப்படி வைத்தேன். வேர் கறுத்து, கருகிய சர்க்கரை வாசனை அடித்தது. இன்னொரு குழப்பம்: 98 டிகிரியில் 1 மணி நேரம் வைத்த துண்டில் ஆர்பி1 பச்சை வேரைவிடக் கூடியிருக்கிறது. எப்படி?

நீராவி:
பச்சை வேரில் ஆர்பி1இன் ஒரு பங்கு மலோனைல் என்ற அமிலத் துணுக்கு ஒட்டிய வடிவில் இருக்கும். லேசான சூட்டிலேயே அந்த ஒட்டு விட்டுப்போய் வெறும் ஆர்பி1 ஆகிறது. அதனால் முதலில் ஏறும், அப்புறம் இறங்கும். வாசனை மெய்லார்ட் வினையால் (சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாவது) வரும் மால்டால்.

கரைப்பான்:
அப்படியானால் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு கூடினால் அதை ஜின்செனோசைடு கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். பழுப்பாக்கும் அந்த மெய்லார்ட் பொருள்களுக்கும் அதில் பங்கு உண்டு.

குடல்வாசி:
எதற்கு வேகவைக்க வேண்டும் என்றே புரியவில்லை. விழுங்கினால் குடல் பாக்டீரியாவே சர்க்கரையை வெட்டிவிடுகிறதே. சிவப்புக்குக் கொடுக்கும் பெருமை எல்லாம் வியாபாரம்.

பழையகை:
வெட்டும் முனை வேறு, ஐயா. பாக்டீரியா மூன்றாம் கார்பன் பக்கம் வெட்டி, இருபதில் ஒரு குளுக்கோஸை விட்டுவைக்கிறது, அது காம்பவுண்ட் கே. சூடு வெட்டுவது இருபதில். இரண்டும் ஒரே பொருள் அல்ல.

குடல்வாசி:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்ஜி3, ஆர்ஜி5 புற்றுச்செல்லை ஒடுக்குகின்றன என்பதில் பெரும்பகுதி தட்டில் வளர்த்த செல்லிலும் எலியிலும் பார்த்தது. வாய்வழி கொடுத்தால் ஆர்ஜி3 ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. வேகவைத்தது மருந்து என்று நம்பி ஒரு நோயாளி சிகிச்சையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

பழையகை:
இந்த இழையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

குடல்வாசி:
இங்கே சொல்லவில்லை. டப்பா மேல் அச்சடிக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

தேடும்வேர்:
98 டிகிரியில் 3 மணி நேரம் மறுபடி வைத்தேன். ஆர்பி1 இருக்கிறது, பக்கத்தில் சின்னதாக ஆர்ஜி3. நீராவிக்கு நன்றி.